பழைய படகு வாங்குமுன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

வண்ணாத்திவில்லுப் பக்கம் புத்தளம் களப்புக் கரையில் கவிழ்ந்து கிடக்கும் பழைய பைபர் படகுகளைக் காணும்போது, வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்த எமது குடும்பங்களுக்கு ஒரு நினைப்பு வருவது இயல்பே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களுக்கு உழுவதற்குக் காணி கிடைக்கவில்லை. கூலி வேலை ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை. இந்தப் படகையாவது திருத்தித் தொழிலுக்கு இறங்கினால் என்ன?

இறங்கலாம் என்பதே எமது கருத்து. ஆனால் பலர் பெயின்ற் வாளியோடு வேலையைத் தொடங்குகிறார்கள். நாமும் முதலில் அப்படித்தான் செய்தோம். நீலமும் வெள்ளையும் பூசிய பதினெட்டு அடிப் படகு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எஞ்சினைப் பூட்டி ஓட்டிய மூன்றாம் நாள் பின்பலகை ஆடத் தொடங்கியது. ஆழம் குறைந்த இடமாக இருந்தபடியால் தப்பினோம்.

பைபர் உக்காது என்பது உண்மை. ஆனால் எஞ்சின் பூட்டும் பின்பலகைக்குள் இருப்பது பெரும்பாலும் மரம் அல்லது ஒட்டுப்பலகை. சிறு வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் அது உள்ளே உக்கிவிடும். சந்தையில் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கும் நாம், படகு வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகமானால் சிறு துளையிடுங்கள். ஈரமான கறுத்த தூள் வந்தால் அந்தப் பலகையை மாற்றியே ஆகவேண்டும். அந்தச் செலவைக் கணக்கிட்ட பிறகே விலை பேசுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டி வழங்கப்பட்ட படகுகளில் பல தரம் குறைந்தவை என்பதையும் மறக்கக்கூடாது.

வெடிப்பின்மேல் பசையைத் தடவிவிட்டால் அது நிற்காது. பழுதான பகுதியைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தகடு 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் சரிவு வேண்டும். அதன்மேல் கண்ணாடி நார் விரிப்பை ரெசினில் நனைத்து, காற்றுக் குமிழிகளை உருளையால் வெளியேற்றி, அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். எமது வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் ஹாட்னர் போதும். கூட்டினால் தூரிகையிலேயே இறுகிவிடும். மிகவும் குறைத்தால் இறுகாமல் பிசுபிசுக்கும்.

ஹாட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். அதை கோபால்ட் திரவத்தோடு நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்த பின்னரே ஹாட்னரைச் சேர்க்க வேண்டும். நார்த்தூள் நெஞ்சுக்குள் போகாமல் முகமூடி கட்டுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். வீட்டு அடுப்பங்கரையோரம் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசிக் கடல் குழம்பும் காலம் திருத்த வேலைக்கு நல்ல காலம். எமது பக்கத்தில் அப்போது மழை குறைவு; விரிப்பு ஈரமாகாது. காற்றைத் தடுக்க ஓர் ஓலை மறைப்பு போதும்.

உதவி நிறுவனங்களிடம் நாம் கேட்பதும் ஒன்றுண்டு. ஒரு குடும்பத்துக்குப் புதிய படகு கொடுத்துப் படம் எடுப்பதைவிட, பத்துக் குடும்பங்களுக்கு ஒரு தேய்ப்பு இயந்திரமும், ரெசினும், பழகிய கைவினைஞர் ஒருவரின் இரண்டு வாரப் பயிற்சியும் கொடுங்கள். காரைநகர் சீநோர் தளத்தில் படகு கட்டியவர்களும் ஒருகாலத்தில் புதிதாகப் பழகியவர்கள்தாமே.

நகையை அடகு வைத்துப் பெரிய எஞ்சின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. களப்புத் தொழிலுக்குச் சிறிய எஞ்சினே போதும். துடுப்பும் படகிலேயே இருக்கட்டும். தண்ணீரில் இறக்குமுன் கடற்றொழில் பரிசோதகரிடம் படகைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.