உயிர்த்தண்ணீர்

நுழையும்முன்

பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரிக்குள் காலடி வைக்கும் இளைஞர் பலருக்கு முதலாண்டு மகிழ்ச்சியோடு மருட்சியையும் தருகிறது. அம்மருட்சி எதனால் வருகிறது, அதைப் போக்கும் பொறுப்பு யாருக்கு உரியது என்பவற்றை ஆராய்கிறது இக்கட்டுரை.

திண்டுக்கல் சமவெளியில் தக்காளியும் மிளகாயும் பயிரிடும் உழவர்கள், நாற்றைப் பறித்து வயலில் நட்டவுடன் நீர் பாய்ச்சுவர். மூன்றாம் நாள் மீண்டும் பாய்ச்சுவர். அந்த இரண்டாம் நீருக்கு உயிர்த்தண்ணீர் என்று பெயர். இடம் மாறிய நாற்று முதல் சில நாள்கள் தலை சாய்ந்து வாடித்தான் நிற்கும். அதைக் கண்டு விதை பழுது என்று எந்த உழவரும் முடிவு கட்டுவதில்லை. வேர் புதுமண்ணைப் பற்றும்வரை காத்திருப்பர். பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாறும் மாணவரின் முதல் பருவமும் இத்தகையதே. ஆயினும், அவரது வாட்டத்தைத் தகுதிக் குறைவு என்று பிறர் எண்ணுகின்றனர். பல வேளைகளில் அவரே அவ்வாறு எண்ணிவிடுகிறார். இவ்வெண்ணம் தவறானது.

மருட்சியின் வேர்

நத்தம், நிலக்கோட்டை போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தமிழ்வழியில் பயின்ற மாணவர் ஒருவர், திண்டுக்கல் நகரக் கல்லூரி ஒன்றில் சேர்கிறார் எனக் கொள்வோம். பள்ளியில் பாடத்திற்கு ஒரு நூல் இருந்தது; ஆசிரியர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். கல்லூரியிலோ ஒரு பாடத்திற்குப் பல நூல்கள். விரிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில். பேராசிரியருக்கு அவர் முகமே புதிது. 'திசைவேகம்' என்று அவர் தெளிவாகக் கற்ற கருத்து, 'வெலாசிட்டி' என்னும் ஒலியாகக் காதில் விழும்போது, அறிந்த பொருளே அறியாததுபோல் தோன்றுகிறது. 'பற்று, வரவு' என்று கணக்குப்பதிவியல் பயின்றவர் 'டெபிட், கிரெடிட்' என்று கேட்டுத் திகைக்கிறார். அவருக்குத் தெரியாதது பொருளன்று; பொருளின் மற்றொரு பெயரே.

இந்நிலையில் ஐயத்தைக் கேட்டால் வகுப்பு சிரிக்குமோ என்று அஞ்சி அவர் வாய்மூடுகிறார். ஒருநாள் ஐயம் பத்துநாள் ஐயமாகிறது. வகுப்புக்குச் செல்லவே கால் கூசுகிறது. பருவ இறுதியில் 'அரியர்' சேர்கிறது. இறுதியில் சிலர் படிப்பையே கைவிடுகின்றனர். அச்சத்தைக் காட்டிலும் அச்சத்தால் விளையும் மௌனமே பெருங்கேடு.

இருவர் காட்டும் பாடம்

காந்தியடிகள் 1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பவநகர் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். விரிவுரைகளைப் பின்தொடர இயலாமல், முதல் பருவம் முடிந்ததும் வீடு திரும்பினார். குறை பேராசிரியர்களிடம் இல்லை, தமக்கே பக்குவம் போதவில்லை என்று தம் தன்வரலாறாகிய 'சத்திய சோதனை'யில் எழுதுகிறார். அதே இளைஞர் அவ்வாண்டிலேயே சட்டம் பயில இலண்டன் சென்றார். கப்பலில் ஆங்கிலம் பேசக் கூசித் தம் அறையிலேயே உணவு உண்டவர் அவர். இலண்டனிலோ பிராண்ஜீவன் மேத்தா முதலிய நண்பர்கள் அந்நாட்டு வழக்கங்களைக் கற்றுக்கொடுத்தனர். அவரும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் செய்தித்தாள் படித்தார். இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதன்முறை இலத்தீன் பாடத்தில் தோற்றவர், மறுமுறை வென்றார், 1891இல் வழக்கறிஞரானார். அறிவு மாறவில்லை, துணையும் பயிற்சியும் வாய்த்தன.

காந்தியடிகளின் பெயரால் திண்டுக்கல்லுக்கு அருகே 1947இல் காந்திகிராமத்தை ஜி. இராமச்சந்திரனுடன் இணைந்து உருவாக்கியவர் மருத்துவர் டி.எஸ். சௌந்தரம். இளமையிலேயே கணவரை இழந்த அவர், கைம்பெண்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்த காலத்தில், தொலைவிலுள்ள தில்லியின் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று பயின்றார். அங்கே சுசீலா நய்யாரின் நட்பு அவருக்குக் கிடைத்தது; அந்நட்பே காந்தியடிகளிடமும் அவரை அழைத்துச் சென்றது. 1936இல் அவர் பட்டம் பெற்றபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். காந்திகிராமத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற கிராமிய உயர்கல்வி நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஒருவர் தயக்கத்தைக் கடந்து பெற்ற கல்வி, பின்வரும் தலைமுறைகளுக்கும் வாயில் திறந்ததற்கு அதுவே சான்று.

இருசாரார் கடமை

கல்லூரி என்பது பள்ளியன்று; அங்கே மாணவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும், கைப்பிடித்து நடத்தினால் தன்னம்பிக்கை வளராது என்று கூறுவோர் உளர். தன்னம்பிக்கை வேண்டும் என்பது உண்மையே. ஆனால், உயிர்த்தண்ணீர் நாள்தோறும் பாய்ச்சப்படுவதில்லை. வேர் பிடிக்கும் வேளையில் பாய்ச்சப்படுகிறது. அதைப் பெற்ற பயிரே பின்னர் வெயிலைத் தாங்குகிறது.

அரசு தன் பங்கைச் செய்கிறது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டமும் (2022), மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் (2024) மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. புதியவர்களைத் துன்புறுத்தும் பகடிவதையைத் தடுக்க 1997இலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. பணம் கல்லூரி வாயில்வரை அழைத்து வரும். சட்டம் தீங்கைத் தடுக்கும். வகுப்பறைக்குள் ஒருவரைப் பேசவைக்க அவை மட்டும் போதா.

ஆகவே, கல்லூரிகள் முதல் மாதத்திலேயே கலைச்சொற்களை இருமொழியிலும் தொகுத்து வழங்க வேண்டும். கேட்கப்படும் எந்த ஐயத்தையும் எள்ளாத பண்பை ஆசிரியர்கள் பேண வேண்டும். மூத்த மாணவர்கள் புதியவர்க்கு வழிகாட்டிகளாக வேண்டும். பெற்றோர் முதல் பருவ மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தை அளந்துவிடலாகாது.

மாணவர் செய்யத்தக்கனவும் உண்டு. நாள்தோறும் ஓர் ஐயத்தையேனும் கேட்டுவிட வேண்டும்; வகுப்பில் கேட்கக் கூச்சமாயின் வகுப்பு முடிந்தபின் கேட்கலாம். ஒரு மணிநேரம் ஆங்கில நூலோ நாளிதழோ படிக்கலாம். தம்மைப் போலவே தயங்கி நிற்கும் ஒருவரோடு நட்புக் கொள்ளலாம். வகுப்பில் முதல் ஐயத்தை எழுப்புபவர் தமக்காக மட்டும் கேட்பதில்லை. அதே ஐயத்தோடு வாய்மூடி அமர்ந்திருக்கும் பலருக்காகவும் கேட்கிறார்.