ஆன்சன் தொகுதியைக் காலியாக வைத்தவர்களைக் கேட்கிறோம்!

தொழிலாளியின் ஓட்டு தொழிற்சங்கத் தலைவரின் சட்டைப் பையில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்கள் சிங்கப்பூர் ஆன்சன் தொகுதியின் கதையைத் தெரிந்துகொள்ளட்டும். தோட்டத்துக் கிராணிமாரும் பால்வெட்டுத் தோழர்களும் கூடப் படிக்கட்டும். அது துறைமுகத்தை ஒட்டிய பாட்டாளிகளின் தொகுதி.

1961 ஜூலை உபதேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி நிறுத்திய அபேட்சகர் யார்? தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவர் மஹ்மூத் அவாங். ஆனாலும் பாட்டாளிக் கட்சியின் டேவிட் மார்ஷல் 546 ஓட்டு அதிகம் பெற்று ஜெயித்தார். அதே மார்ஷல் 1963இல் சுயேச்சையாக வந்தபோது டெபாசிட்டையே இழந்தார். ஆன்சன்காரர்கள் எவருக்கும் அடிமைச் சாசனம் எழுதிக் கொடுக்கவில்லை!

1963 முதல் பி. கோவிந்தசாமி ஆளுங்கட்சி சார்பில் அங்கே இருந்தார். அவர் காலமானபின் 1979இல் வந்தவர் தேவன் நாயர். மலாக்காவில் பிறந்தவர், ரப்பர் தோட்டக் கிராணியின் மகன், 1964இல் இங்கே பங்சாரில் ஜெயித்தவர், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை வளர்த்தவர். நம்மவர் என்று சொல்ல எல்லாத் தகுதியும் உண்டு. 1981இல் அவர் ஜனாதிபதியானார். தொகுதி காலியாயிற்று.

அப்போது நடந்ததைத்தான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பிளேர் பிளெயின் வட்டாரத்தில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. கொள்கலன்களுக்கு இடம் வேண்டும், காலி செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. வேலை கொடுப்பவனே வீட்டுக்கும் சொந்தக்காரன் என்றால் என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டம் துண்டாடப்பட்ட நாளில் லயத்தை விட்டு மூட்டை கட்டியவர்கள் நாம். பெட்டிக்கு இடம் உண்டு, பெட்டி இறக்கியவனுக்கு இல்லையா என்று அவர்கள் கொதித்ததில் வியப்பென்ன?

அக்டோபர் 31ஆம் தேதி ஜே. பி. ஜெயரத்தினம் 7,012 ஓட்டும், ஆளுங்கட்சியின் பாங் கிம் ஹின் 6,359 ஓட்டும் பெற்றனர். 1968 பொதுத்தேர்தல் முதல் ஒரே கட்சி ஆண்ட மன்றத்தில் முதல் எதிர்க்குரல்! ஏதோ கோபத்தில் போட்ட ஓட்டு என்றனர் சிலர். 1984இல் அதே மக்கள் 56.8 சதவீதம் கொடுத்தார்கள். அதுவும் கோபமா?

1986இல் கட்சிக் கணக்கு பற்றிய வழக்கில் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. பதவி பறிபோயிற்று. அவரை மீண்டும் வக்கீல் பட்டியலில் சேர்த்த லண்டன் பிரிவி கவுன்சில், அவருக்குக் கொடிய அநீதி இழைக்கப்பட்டதென்று 1988இல் சொல்லிவிட்டது. அவர் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஓட்டுப் போட்டவர்கள் செய்த குற்றம் என்ன? அவர்களுக்கு யார் தண்டனை விதித்தது? ஒன்றரை ஆண்டுக்கு மேல் உபதேர்தலே இல்லை. 1988இல் குழுத் தொகுதிகள் வந்தன. அதே ஆண்டு ஆன்சன் வரைபடத்திலிருந்தே மறைந்தது. வரி கட்ட ஆள் இருந்தது, பேச ஆள் இல்லை.

தனித்தொகுதி என்றால் என்ன? இவர்தான் எங்கள் ஆள் என்று விரல் நீட்டிக் காட்ட முடிவது. குழுவில் கேள்வி கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டலாம். சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்றார்கள். ஜெயரத்தினமும் கோவிந்தசாமியும் தேவன் நாயரும் எந்தக் குழுவின் தயவில் ஜெயித்தார்கள்?

2012இல் ஹௌகாங் காலியானபோது ஒரு தமிழ்ப் பெண், துப்புரவுத் தொழிலாளி, கோர்ட்டுக்குப் போனார். அவர் மனு தள்ளுபடியானது. ஆனால் நியாயமான காலத்துக்குள் உபதேர்தல் நடத்தப் பிரதமர் கடமைப்பட்டவர் என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. நியாயமான காலம் என்றால் எத்தனை நாள்? மலேசிய அரசியல் சட்டம் 60 நாள் என்று எழுதி வைத்திருக்கிறது. மன்றத்தின் ஆயுள் முடியும் தறுவாயில்தான் விலக்கு. அந்த நாள் கணக்கை சிங்கப்பூர்ச் சட்டத்திலும் எழுது என்கிறோம்.