எல்லை தாண்டி வரும் துவக்கு

துவக்குச் சூடு உள்நாட்டுப் பிரச்சினை, பொலிஸ் பார்த்துக்கொள்ளும், அதற்காக எம்.பி.மார் வெளிநாட்டில் கூடிப் பேசுவது வீண் செலவு. இதுதான் வாதம். பேச்சு குண்டைத் தடுக்காது என்ற அளவில் நியாயம் உண்டு. அதோடு சரி.

ஒன்று. 2025 பெப்ரவரி 19, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வந்தது சட்டத்தரணி வேடத்தில். கைத்துப்பாக்கி வந்தது உள்ளே குடைந்தெடுத்த சட்டப் புத்தகத்தில். இந்தக் கொலைக்காகப் பொலிஸ் தேடிய பெண் ஒக்டோபரில் அகப்பட்டது எங்கே? நேபாளத்தில். இது எந்த 'உள்நாடு'?

இரண்டு. இதே வாதத்தை முல்லைத்தீவு உடையார்கட்டில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். போரின்போது, 2009 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த ஊர் அது. ஷெல் அங்கேயும் விழுந்தது. அரச படையின் பல்குழல் பீரங்கி எந்த ஊர்த் தயாரிப்பு? புலிகளின் ஆயுதக் கப்பல்கள் எந்தக் கடலெல்லாம் கடந்து வந்தன?

மூன்று. விற்கும் ஆயுதம் யார் கைக்குப் போகும் என்று விற்கும் நாட்டைக் கேட்பதுதான் ஆயுத வணிக ஒப்பந்தம். 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அதை 154 நாடுகள் ஆதரித்தன, 3 எதிர்த்தன. இலங்கையும் இந்தியாவும் நடுநிலை! ஏற்றுமதி உரிமத்தைத் தம் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கக்கூடியவர்கள் எம்.பி.மார்தான், பொலிஸ் அல்ல. பல நாட்டு எம்.பி.மார் கூடும், சிறு ஆயுதங்கள் குறித்த பாராளுமன்ற உறுப்பினர் மன்றம் 2002 இல் உருவானதும் இப்படிக் கேள்வி கேட்கத்தான்.

'வெறும் பேச்சு' என்பவர்களுக்கு ஒன்று: மிதிவெடித் தடை ஒப்பந்தமும் வெளிநாட்டுப் பேச்சில் பிறந்ததே. 2017 டிசம்பரில் இலங்கை அதில் சேர்ந்தது. முல்லைத்தீவில் மிதிவெடி அகற்றும் பணிக்கு வந்த பணத்தில் பெரும்பங்கு வெளிநாட்டு நிதி. அதை ஒதுக்கியவையும் அந்தந்த நாட்டுப் பாராளுமன்றங்கள்தான்.