ஏழாவது வாரத்தில் முடிந்த உதடு

மயிலாப்பூரில் ஒரு பள்ளி விடும் நேரம். ஆட்டோக்களுக்கு நடுவே பேரனுக்காகக் காத்திருந்தேன். மேலுதட்டில் தையல் தழும்போடு ஒரு சிறுவன் எங்களைக் கடந்து போனான். பக்கத்தில் நின்ற பெண்மணி, அவன் காதுபடவே தோழியிடம் சொன்னார்: "இவங்க அம்மா மாசமா இருக்கறப்ப கிரகணத்துல வெளிய வந்திருப்பாங்க. அதான் பையனுக்கு உதடு இப்படி." தோழி உச்சுக்கொட்டினார். இருவரும் படித்தவர்கள்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கருவில் மேலுதடு ஏழாவது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. முகத்தின் இரு பக்கமிருந்தும் வளர்ந்து வரும் திசுக்கள் நடுவில் சேர வேண்டும். சேராமல் நின்றுபோனால் பிளவு. ஏழாவது வாரத்தில் பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். நம் வீடுகளில் கிரகணத்தன்று யாரை அறைக்குள் பூட்டுகிறோம்? வளைகாப்பு முடிந்த எட்டு மாதக்காரியை! ஜன்னலை மூடு, கத்தியைத் தொடாதே, தண்ணீர்கூடக் குடிக்காதே. உதடு உருவாகி ஆறு மாதம் ஆன பிள்ளைக்கு இந்தக் காவல் எதற்கு? தாகத்தில் தவிக்கிற அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

2025 செப்டம்பர் 7 அன்று முழு சந்திர கிரகணம் தொடங்கியபோது இரவு மணி பதினொன்று. அந்த நேரத்தில் தி.நகரிலும் அடையாறிலும் எந்தக் கர்ப்பிணி தெருவில் உலாவினாள்? உலகம் முழுக்கச் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிறது. கர்ப்பிணியைப் பூட்டி வைக்கும் வழக்கமே இல்லாத நாடுகளிலும் பிறக்கிறது. பரம்பரைக் கூறுகள், கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை நோய், சில வலிப்பு மருந்துகள், புகைப்பழக்கம் என்று மருத்துவர்கள் காரணங்களைச் சொல்கிறார்கள். பல குழந்தைகளுக்கு எந்தக் காரணமும் பிடிபடுவதில்லை. நிலாவை மட்டும் யாரும் சொல்லவில்லை. கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. ஆனால் கிரகணம் வந்தால் நம் சேனல்கள் மைக்கை நீட்டுவது ஜோதிடரிடம்!

இது வெறும் மூடநம்பிக்கை, போகட்டும் என்று விட முடியவில்லை. வீட்டில் பாட்டி சொன்னதுதான் மறுநாள் வகுப்பில் 'கிரகணம்' என்ற பட்டப்பெயராகிறது. பிள்ளைகள் இதைத் தாங்களாகக் கண்டுபிடிப்பதில்லை. அண்ணப்பிளவைத் தைத்த பிறகும் சில குழந்தைகளுக்குப் பேசும்போது காற்று மூக்கு வழியே கசியும். 'பாட்டி' என்று சொன்னால் 'மாட்டி' என்று கேட்கும். வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியை என்ன செய்கிறார்? உரக்க வாசிக்கும் வரிசையில் அப்படிப் பேசும் பையனைத் தாண்டி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறார். அதற்கு இரக்கம் என்று பெயர் வேறு. ஆண்டு விழாவில் சிவந்த பிள்ளைகள் முன்வரிசை, இவன் திரைக்குப் பின்னால். கேலி உதட்டோடு நிற்பதில்லை. நம் சினிமா நகைச்சுவை இத்தனை வருடமாக எதைக் காட்டிச் சிரிக்க வைத்தது? பல்லை, நிறத்தை, மூக்கை. வெண்புள்ளி உள்ள பிள்ளையின் பக்கத்தில் உட்காராதே என்று சொல்லி அனுப்பும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அது ஒட்டாது, தொட்டால் பரவாது. எத்தனை முறை சொல்வது?

உதட்டுத் தையல் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள் சரிசெய்கிறார்கள். 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிளவு உதடும் அண்ணமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. மருத்துவம் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தத் தாயை மட்டும் நாம் இன்னும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறோம், உதடு ஏழாவது வாரத்திலேயே முடிந்துவிட்டது தெரியாமல்.

2027 ஆகஸ்ட் 2 அன்று ஒரு சூரிய கிரகணம் வருகிறது. அதற்குள் பள்ளிகள் ஒரு பெற்றோர் கூட்டத்தையாவது இதற்கு ஒதுக்கட்டும். ஒரு மருத்துவரை அழைத்து இதையெல்லாம் விளக்கச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பாட்டி, தாத்தாக்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள்.