திருமணம் தகுதியைக் குறைக்குமா?

நன்கு படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று பெற்றோர் சொல்கின்றனர், நாமும் நம்புகிறோம். ஆனால் வேலை தேடிச் செல்லும் பெண்ணிடம் “என்ன படித்திருக்கிறாய்?” என்பதோடு, “எப்போது திருமணம்?” என்றும் கேட்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஆடவரிடம் கேட்காத கேள்வி நம்மிடம் மட்டும் ஏன்?

மடிக்கேரி புனித வளனார் பெண்கள் பள்ளியிலும், பின் சென்னையிலும் பயின்றவர் சி. பி. முத்தம்மா. 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி. மணம் புரிந்தால் விலகிவிடுவதாக அவரிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டனர். பெண் அதிகாரி மணம் புரிய அரசின் அனுமதி வேண்டும். குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். இதுவே 1961ஆம் ஆண்டு விதி! பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். பெண்ணுக்குக் குடும்பப் பொறுப்பு இடையூறானால் ஆணுக்கும் அப்படித்தானே என்று 1979இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் சுட்டிக்காட்டினார். அவ்விதிகள் நீங்கின.

ஆனால் எண்ணம் நீங்கியதா? மணம் புரிந்ததற்காக 1988இல் பணிநீக்கம் செய்யப்பட்ட இராணுவச் செவிலியர் ஒருவருக்கு, 60 இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024இல்தான். 36 ஆண்டுகள் கழித்து வந்த நீதி!

அதே ஆண்டில், நம் கனகம்மாசத்திரத்திற்குத் தொலைவில் இல்லாத ஸ்ரீபெரும்புதூரில், செல்பேசித் தொழிற்சாலை ஒன்று மணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று செய்தி வந்தது. நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

அரசுப் பணியில் பால் வேறுபாடு கூடாது என்கிறது அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு. தனியார் துறையிலும் ஆளெடுப்பில் அவ்வேறுபாட்டை 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் தடுத்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது. ஆயினும் ‘மணமானவர்’ என்று ஒதுக்குவதை இவை பெயர் சொல்லித் தடுக்கவில்லை. அதையும் வெளிப்படையாக எழுதிச் சேர்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

குடும்பப் பொறுப்பு உண்மைதானே என்பர் சிலர். உண்மையே. அது இருவருக்கும் உரியது. பெற்றோரே, வீட்டு வேலையை மகனுக்கும் பழக்குங்கள். தோழியரே, பாடத்தோடு சட்டத்தையும் கற்போம். முத்தம்மா கேட்டதால்தான் விதி மாறியது. நாமும் கேட்போம்!