கதவைச் சாத்தினால் முடிந்ததா?

தோட்டத்துக் கொட்டகையில் எலி வந்தால் விஷக்கட்டியை வைத்துக் கதவைச் சாத்துங்கள், பொறியெல்லாம் பாட்டி காலத்துச் சமாச்சாரம் என்கிறார் நண்பர். கதவைச் சாத்தியதோடு அவர் கதை முடிகிறது. எலியின் கதை அங்கேதான் ஆரம்பம்.

புரோமாடியோலோன் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் போய்ச் சாகச் சில நாள் ஆகும். அதற்குள் தள்ளாடி வெளியே திரியும். கூகை தூக்கிக்கொண்டு போகும். எலி பிடிப்பதில் நம்மைவிடத் தேர்ந்த அந்தப் பறவைக்கும் விஷம் ஏறும். கூரை இடுக்கில் செத்தாலோ நாற்றம் நமக்கு. மஞ்சள் பாஸ்பரஸ் பசை இன்னும் மோசம்: குழந்தை வாயில் வைத்துவிட்டால் முறிமருந்தே கிடையாது.

நண்பர் வைத்த பொறியில் எலி விழவில்லையாம். வாங்கிய அன்றைக்கே மசால் வடையைச் செருகி வில்லை இழுத்திருப்பார், வேறென்ன? புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். நாலு நாள் வில்லை இழுக்காமல் தீனி மட்டும் வையுங்கள், தின்று பழகட்டும். ஐந்தாம் நாள் இழுங்கள். அதுவும் சுவரோரமாக. எலி சுவரை உரசியபடிதான் ஓடும். வெள்ளையடித்த சுவரில் படிந்த அழுக்குக் கோடே வழியைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் கொட்டகைக்கு எலி வந்ததே புண்ணாக்கு மூட்டைக்காக. அதைத் தகர டிரம்முக்கு மாற்றி, கதவடிச் சந்தில் தகடு அடித்தோம். நண்பர் மூட்டையைப் பற்றி மூச்சே விடவில்லை. எலியின் சினைக்காலம் 3 வாரம்தான். அவர் மூட்டை இன்னும் தரையில் கிடக்கிறது.