முழுசாகக் கொடுத்தால் என்ன?

போன சனிக்கிழமை இரவு மணி ஒன்பது. சாப்பிட்டு, தட்டெல்லாம் கழுவி வைத்துவிட்டு மகனும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். வாரம் முழுக்க பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவனுக்கு மிஞ்சுவது அந்த இரண்டு மணி நேரம்தான். புதிதாக வாங்கிய கார் பந்தய விளையாட்டின் டிஸ்க்கை உள்ளே தள்ளினேன். "அப்டேட் தேவை" என்றது. 48 கிகாபைட். சரி, ஓடட்டும் என்று காத்திருந்தோம். முடியும்போது மணி பத்தரை. அதற்கப்புறம் கணக்குத் திறக்கச் சொன்னது. மின்னஞ்சல் கேட்டது. மின்னஞ்சலுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. யாரும் படிக்கமுடியாத நிபந்தனைகளை ஒப்புக்கொள்ளச் சொன்னது. முதல் கார் திரையில் வந்து நின்றபோது மகன் சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தான். கண்ட்ரோலர் அவன் கையில் அப்படியே இருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரு சின்ன சந்தோஷத்தை ஏன் எவனும் முழுசாகக் கையில் கொடுக்கமாட்டேன் என்கிறான்?

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக விளையாடுகிறேன். பட்டர்வொர்த் பாகான் டாலாமில் வளர்ந்தவன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளிக்கு அவர் ஒரு மைக்ரோ ஜீனியஸ் வாங்கி வந்தார். ஜப்பானில் 1983ல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் அது. அந்த வரலாறெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவுக்கு கேம் என்றால் அதுதான். கேசட்டை எடுத்து அடியில் ஃபூ என்று ஊதி, அழுத்திச் சொருகி, பொத்தானைத் தட்டினால் மூன்று எண்ணுவதற்குள் விளையாட்டு வந்துவிடும். அப்டேட் கிடையாது, பாஸ்வோர்ட் கிடையாது.

காண்ட்ரா விளையாடியவர்களுக்கு அந்த வரிசை இன்னும் விரலில் இருக்கும். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. தட்டினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர். அந்த வரிசையை உருவாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986ல் கிராடியஸ் என்ற விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, தன்னாலேயே ஆடி முடிக்க முடியவில்லை என்று, சோதித்துப் பார்க்கும் வசதிக்காகச் செய்துகொண்டது அது. 2020ல் இறந்துபோனார். அவர் பெயரை எங்கள் தெருவில் ஒருத்தனும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் வைத்த சாவி, இணையம் இல்லாத காலத்தில், வாய்வழியாகவே பட்டர்வொர்த் வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்த முப்பது உயிருக்கு எவனும் காசு கேட்கவில்லை.

இப்போது கேட்கிறான். 2006ல் ஒப்ளிவியன் விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசம் இரண்டரை டாலர் என்று விற்றபோது உலகமே திட்டியது. பதினொரு வருஷம் கழித்து ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2, முழு விலைக்கு வாங்கியவனிடமே உள்ளே அதிர்ஷ்டப் பெட்டி விற்றது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காசு கொடுத்துத் திறந்தால்தான் தெரியும். காசுக்கு விற்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டம்தான் என்று 2018ல் பெல்ஜியம் சொன்னது. சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நாலு நம்பர் கடையைக் கொண்டுவந்து வைத்தால் வேறு என்ன சொல்வது?

எனக்கு இதையெல்லாம்விட வலிப்பது வின்னிங் லெவன் என்ற கால்பந்து விளையாட்டுக்கு நேர்ந்தது. பிளேஸ்டேஷன் காலத்தில் வளர்ந்த மலேசியப் பையன் எவனிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். ஜப்பான் பதிப்புதான் எங்களுக்குக் கிடைக்கும். ஓர் எழுத்துப் புரியாது. மேலிருந்து மூன்றாவது வரிதான் போட்டி, அதற்குள் இரண்டாவது வரிதான் அணித் தேர்வு என்று எல்லாம் மனப்பாடம். பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு வாசலில் பத்து சோடி செருப்பு கிடக்கும். தமிழ்ப் பையன்கள், பக்கத்து வீட்டு சீனப் பையன், எதிர்வீட்டு மலாய்ப் பையன் எல்லாரும் ஒரே டிவி முன்னால். இரண்டே கண்ட்ரோலர். தோற்றவன் எழுந்து இடம் கொடுக்கணும், அதோடு மைலோ ஐஸ் வாங்கித் தரணும். அம்மா அடுக்களையிலிருந்து, "பசியாறிட்டு விளையாடுங்கடா"ன்னு கத்திக்கிட்டே இருப்பாங்க.

அதே விளையாட்டுப் பரம்பரையைத்தான் 2021 செப்டம்பர் 30ஆம் தேதி ஈஃபுட்பால் என்று பெயர் மாற்றி இறக்கினார்கள். இலவசம். ஆனால் மொத்தமே ஒன்பது அணிகள். மெஸ்ஸியின் முகம் மெஸ்ஸி மாதிரி இல்லை. வருஷக்கணக்கில் நாங்கள் சின்ன அணியை எடுத்து வளர்த்து ஆடிய மாஸ்டர் லீக் இல்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஆட்டக்காரர்கள் கொடுத்த மதிப்பீட்டில் அது அடிமட்டத்துக்குப் போனது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வெந்தும் வேகாத சோற்றை இலையில் போட்டுவிட்டு, மெதுவாகச் சாப்பிடுங்கள் அதற்குள் வெந்துவிடும் என்று சொல்கிற பந்தி இது. அதற்கப்புறம் திருத்தித் திருத்திச் சரிசெய்தார்கள்தான். முதல் நாள் ஆசையாக உட்கார்ந்தவனுக்கு அந்த நாள் திரும்பி வருமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நாங்கள் ஆடியது பெரும்பாலும் கள்ள டிஸ்க். பாசார் மாலாமில் ஐந்து வெள்ளி. அது தப்பு என்று தெரியும் வயது வந்ததும் நிறுத்தினேன். பிறையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், 2005ல் வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸின் அசல் டிஸ்க்கை எதிர்க்கரையில் இருக்கும் தீவுக்குப் போய் கொம்தார் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். முதல் அசல். சம்பளத்தில் பெரிய துண்டு போனது. கடைக்காரத் தவுக்கே அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். நடந்தே ஜெட்டிக்கு வந்து பெரி ஏறினேன்.

அந்தப் பயணம் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அப்போது பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் காசு, தீவிலிருந்து திரும்ப காசில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரி கரையை விட்டு நகரும்போது ஒரு அதிர்வு காலடியிலிருந்து பல்லுக்கு ஏறும். உப்புக்காற்று. டிஸ்க்கைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளை நகத்தால் கிழித்து, உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். புது மைவாசனை. எந்தப் பொத்தான் எதற்கு, குதிரையை எப்படிக் கூப்பிடுவது என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கம் வரும்போது பெரி பட்டர்வொர்த் கரையை முட்டியது. வீட்டில் போட்டேன், உடனே ஓடியது. பதினாறு அரக்கர்கள், ஒரு குதிரை, ஆளில்லாத பெரிய நிலம். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில். இன்றைக்குப் போட்டாலும் ஓடும்.

அந்தப் பழைய பெரிகளில் ஆளும் காரும் ஏறுவது 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 1894ல் தொடங்கிய பெரி சேவையில் எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த முகம் அந்தப் பெரிகள்தான். 2023 ஆகஸ்ட்டில் புதுப் பெரி வந்தது. மோட்டாரும் சைக்கிளும் ஆளும் ஏறலாம், கார் ஏறாது. அப்பாவின் பழைய காரோடு பெரியில் ஏறித் தீவுக்குப் போன கதையை மகனுக்குச் சொல்லத்தான் முடிகிறது, காட்ட முடியவில்லை. அந்தச் சின்னப் புத்தகமும் போய்விட்டது. இப்போது வாங்கும் பெட்டியைத் திறந்தால் பல சமயம் ஒரு டிஸ்க், ஒரு துண்டுத்தாள். சிலதில் டிஸ்க்கே இல்லை, ஒரு எண் மட்டும்தான்.

இனி சொல்லப்போவதுதான் என் பெரிய வயிற்றெரிச்சல். ஜொகூரில் இருக்கும் சித்தப்பா மகனும் நானும் வெள்ளிக்கிழமை இரவுகளில் சேர்ந்து ஆடிய ஒரு விளையாட்டு இருந்தது. எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து அசலாக வாங்கினோம். ஒருநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்ன தேதியோடு சர்வர் மூடப்படும், ஆதரவுக்கு நன்றி. அவ்வளவுதான். டிஸ்க் இன்னும் அலமாரியில் இருக்கிறது. போட்டால் "இணைக்க முடியவில்லை" என்று ஒரு வரி வருகிறது. தனியாக ஆடும் பகுதியும் சேர்ந்தே செத்துவிட்டது. ஐந்து வெள்ளி கள்ள டிஸ்க் இன்னும் ஓடுகிறது, நேர்மையாக வாங்கியது ஓடவில்லை. இதை என் மகனுக்கு நான் எப்படி விளக்குவேன்?

எனக்கு மட்டும் நடந்ததல்ல இது. 2014ல் வந்த தி க்ரூ என்ற கார் விளையாட்டை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களால் அதை ஓட்ட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில்தான் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவில் அந்த இயக்கத்தின் மனுவுக்கு 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம். நீ வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தைத்தான் என்று டிஜிட்டலாக விற்பவன் வாங்குபவனிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பிடுங்கினால் சரியாகிவிடுமா? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்துச் சொன்னது. நம் நாட்டில் டிஜிட்டல் சேவைக்கு 2020ல் 6 விழுக்காடு வரி போட்டார்கள், 2024 மார்ச்சிலிருந்து 8. வரி கட்ட எனக்கு மனக்குறை இல்லை. வரியும் கட்டி வாங்கியது என்னுடையதாக இருக்க வேண்டாமா?

சினிமாவுக்கும் இதே வியாதி பிடித்துவிட்டது. 2024 ஜூலையில் இந்தியன் 2 வந்தது. வந்த சில நாளிலேயே 12 நிமிஷத்தை வெட்டினார்கள். படமே முடியாமல், மூன்றாம் பாகத்துக்கு முன்னோட்டம் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் நவம்பரில் கங்குவா. சத்தம் தாங்கவில்லை என்று ஊரே சொன்னபிறகு, ஒலியைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் கேட்டுக்கொண்டார். முதல் நாள் டிக்கெட் எடுப்பவன்தான் சோதித்துப் பார்க்கும் ஆள் என்றாகிவிட்டது. ஆனால் முழுசாகக் கொடுத்த படமும் உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இங்கேயே எடுத்த ஜகாட், 2015ல் வந்தது. பெரிய செலவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்தின் கதையைத் தொடங்கி முடித்துக் கையில் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

விளையாட்டிலும் அப்படி ஒன்று வந்தது. 2023 ஜூலை 31ல் வந்த வெண்பா. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், மகன் கவின். அம்மாவின் கிழிந்துபோன சமையல் புத்தகத்தை வைத்து நாமே சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. அடுத்த வருஷம் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசும் வாங்கியது. இட்லி ஊற்றும் கட்டத்தில் நான் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று திணறிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்த என் அம்மா, "குழிக்கு மேல குழி வராம வைப்பா. ஆவி எங்க போகும்?" என்றார். முப்பது வருஷமாக "அந்த டப்பாவ அணைச்சிட்டுப் படி" என்று மட்டுமே சொன்ன அம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரத்தில் விளையாட்டு முடிந்தது. உள்ளே கடை இல்லை, அதிர்ஷ்டப் பெட்டி இல்லை, மீதி அடுத்த வருஷம் என்ற பேச்சு இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

பெரிய கம்பெனிகளால் முடியாது என்பது பொய். தி க்ரூவுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அதற்கு அடுத்து வந்த இரண்டு விளையாட்டுகளுக்கும் இணையம் இல்லாமல் ஓடும் வழி செய்து தருகிறோம் என்று 2024 செப்டம்பரில் அதே யூபிசாஃப்ட் சொன்னது. நாங்கள் கேட்பது அவ்வளவுதான். சர்வரை மூடுங்கள், அது உங்கள் பணம். மூடும் நாளில், விற்ற பொருள் தனியாக ஓடும்படி செய்துவிட்டுப் போங்கள்.

படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். டிஸ்க்கில் கிடைப்பதை டிஸ்க்கில் வாங்குங்கள். பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வரும்போது, ஸ்டோர் ரூமில் கிடக்கும் மைக்ரோ ஜீனியஸைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். தூசியைத் தட்டி, கேசட்டை ஊதிச் சொருகிப் பாருங்கள். என் வீட்டில் இருப்பது போன ஞாயிற்றுக்கிழமை ஓடியது. மகன் முப்பது உயிரோடு காண்ட்ராவை முடித்தான்.